பழைய மஹிந்திரா ஜீப்ப வீட்டு வாசல்லயே தேத்தி எடுக்குறது எப்படி: முழு வழிகாட்டி

போடி, கம்பம், தேவாரம் பக்கம் விடியக்காலைல ரோட்டோரம் நின்னு பாத்தீங்கன்னா தெரியும், ஏலத்தோட்டத்துக்கு ஆள ஏத்திக்கிட்டு வரிசையா ஜீப்பு மலை ஏறும். அதுல பாதிக்கு மேல ஓட்டுறவனை விட வயசான வண்டி. அதே மாதிரி கொழுக்குமலைக்கு சூரியநெல்லில இருந்து ஏறுற ஜீப்புங்க, அந்தக் கல்லுப் பாதைல தினம் ஏறி இறங்குது. இதெல்லாம் ஓடுறதுக்கு ஏதோ பெரிய ரகசியம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் கிடையாது, அந்த டிரைவர் அண்ணனுங்க தினமும் கீழ குனிஞ்சு பாக்குறாங்க, லூசா இருக்கறத அன்னிக்கே டைட் பண்றாங்க, அம்புட்டுதான்.

நான் சொல்லப்போறது மஹிந்திரா எம்எம் 540 மாதிரி வண்டிங்களுக்கு. 1947ல வில்லிஸ் ஜீப்ப பாகம் பாகமா இறக்கி பூட்ட ஆரம்பிச்ச கம்பெனி, அதுக்கப்புறம் பல வருஷம் அந்த வில்லிஸ் அடிப்படையையே வச்சு ஓட்டுச்சு, அதனால சேசிஸ் (வண்டியோட அடிச்சட்டம்), பட்டை (வில் மாதிரி வளைஞ்ச ஸ்பிரிங் தகடு), ஆக்சில் (வீல தாங்கற அச்சு) எல்லாம் ஒரே குடும்பம். என்னோடது 540, பியூஜோங்கற பிரெஞ்சு கம்பெனி டிசைன் பண்ண எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், 2112 சிசி. மஹிந்திராவோட எம்டிஐங்கற வேற டீசல் இன்ஜின் வச்சிருக்கிறவங்களுக்கும் இன்ஜின் விஷயம் சிலது தவிர மத்ததெல்லாம் பொருந்தும்.

முதல்ல நான் பண்ண முட்டாள்தனத்த சொல்லிடறேன். வண்டி வாங்கின புதுசுல ரெண்டு கிலோமீட்டர் போனா நின்னுடும், பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆகும். ஆளாளுக்கு டீசல் பம்புதான் போச்சுன்னாங்க, நானும் பம்ப கழட்டி ஒரு பம்பு கடைல குடுத்து காசையும் ஒரு வாரத்தையும் தொலைச்சு திரும்ப மாட்டினா அதே ரெண்டு கிலோமீட்டர். கடைசில பாத்தா டேங்க்ல இருந்து வர்ற லைன்ல ஒரு சாண் ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கு, டீசல் வெளிய ஒழுகல, காத்த மட்டும் உள்ள இழுத்துருக்கு. அதுல இருந்து ஒரு முடிவுக்கு வந்தேன், பழைய ஜீப்புல பெரிய பார்ட்ட கழட்டுறதுக்கு முன்னாடி சின்னது எல்லாத்தையும் பாத்து முடிச்சிருக்கணும், அதுலயும் இன்ஜின் கடைசி. மொதல்ல நிக்கணும், அப்புறம் நேரா போகணும், அதுக்கப்புறம்தான் ஓடணும். வரிசை இதுதான்.

கழட்டுறதுக்கு முன்னாடி

ஸ்பேனர் வாங்கறப்பவே ஒரு குழப்பம் வரும். சேசிஸ், ஆக்சில், பட்டை பக்கமெல்லாம் இன்ச் சைஸ் நட்டு போல்ட்டு நெறைய இருக்கும், பியூஜோ இன்ஜின்ல மில்லிமீட்டர். முன்னாடி வச்சிருந்தவங்க மாத்திப் போட்டதுல ரெண்டும் கலந்து கெடக்கும். 14 ஸ்பேனர் கொஞ்சம் லூசா பிடிக்குதேன்னு வச்சு இழுத்தா நட்டு மூலை மழுங்கிடும், அதனால ரெண்டு செட்டும் வேணும், குறிப்பா 7/16, 1/2, 9/16, 3/4. ரொம்பப் பழைய வண்டில இடது பக்க வீல் நட்டு இடது மரையா இருக்கலாம், போல்ட்டு முனைல எல்னு அடிச்சிருக்கான்னு பாருங்க, இத தெரியாம பைப்ப போட்டு ஏறி மிதிச்சு போல்ட்ட முறிச்சவங்க நெறைய பேரு.

ஜாக்கி விஷயத்துல வெளையாட்டே வேணாம். பாட்டில் ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான், தாங்குறதுக்கு ஸ்டாண்டு வேணும், இல்லன்னா நல்ல கெட்டியான மரக்கட்டைய குறுக்கும் நெடுக்குமா அடுக்கி சேசிஸ் அடில குடுங்க. ஹாலோ பிளாக், செங்கல் வைக்கவே கூடாது, அது ஒரு சத்தமும் குடுக்காம பொசுக்குனு நொறுங்கிடும்.

இன்னொண்ணு, இது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய ஜீப்பு பலதுல கைப்பிரேக் வீல்ல கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேசுக்குப் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் சக்திய பிரிச்சு அனுப்புற பெட்டி) பின்னாடி, பின் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ல (அங்கிருந்து பின் ஆக்சிலுக்கு போற தண்டு) ஒரு டிரம்மு இருக்கும், அதத்தான் பிடிக்கும். பின் வீல் ஒண்ண தூக்கிட்டீங்கன்னா ஷாஃப்ட் நின்னாலும் டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்க வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) வழியா தூக்கின வீல் ஒரு பக்கமும் தரைல இருக்கற வீல் மறுபக்கமும் சுத்தலாம், அதாவது கைப்பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். கியர்ல விட்டாலும் அதே கதைதான். அதனால தரைல இருக்கற வீலுக்கு முன்னயும் பின்னயும் கட்டை, அப்புறம்தான் ஜாக்கி. ப்ரொபெல்லர் ஷாஃப்ட கழட்டினா கைப்பிரேக்கே இல்லன்னு அர்த்தம்.

பிரேக்: ரெண்டு நாள் ஒதுக்குங்க

பழைய வண்டில மாஸ்டர் சிலிண்டர்ல (பெடல அமுக்கினா பிரேக் ஆயில தள்ளுறது) இருந்து நாலு வீலுக்கும் போறது ஒரே லைன். எங்கயாவது ஒரு இடத்துல ஒழுகினா நாலு வீலும் போச்சு. கொல்லிமலைல 70 வளைவு இறங்குறப்ப இத யோசிக்கிறத விட வீட்டு வாசல்ல யோசிக்கிறது மேல்.

மொதல்ல ஒரு டெஸ்ட். இன்ஜின் ஆஃப்ல பெடல நல்லா அமுக்கி ஒரு நிமிஷம் அப்படியே வச்சிருங்க. கால் மெதுவா கீழ போய்க்கிட்டே இருந்து வெளிய எங்கயும் ஒழுகலன்னா மாஸ்டர் சிலிண்டர் உள்ள ரப்பர் போச்சு. பெடல் மெத்து மெத்துனு இருந்தா காத்து. ரெண்டு மூணு தடவ மிதிச்சாதான் மேல வருதுன்னா பிரேக் ஷூ (டிரம்ம உள்ள இருந்து பிடிக்கற வளைஞ்ச கட்டை) டிரம்முல இருந்து ரொம்ப தள்ளி இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணணும்.

அடுத்து டிரம்ம கழட்டணும். ரொம்ப நாள் ஓடின டிரம்முல ஓரத்துல ஒரு விளிம்பு நின்னுடும், ஷூ அதுல மாட்டிக்கிட்டு வராது, அப்ப சுத்தியால மொத்தாம பின்தகட்டுல இருக்கற அட்ஜஸ்டர உள்பக்கம் தளர்த்தி விட்டீங்கன்னா வந்துடும். பின்னாடி ஆக்சில் நடுவுல பெரிய நட்டு வர்ற மாடலா இருந்தா ஹப்பு டேப்பர்ல இறுகிப் பிடிச்சிருக்கும், அதுக்கு புல்லர் (ஹப்ப இழுத்து எடுக்கற கருவி) வேணும், லேத் பட்டறைல கேட்டா தருவாங்க. ஆக்சில் முனைல சம்மட்டி அடி அடிச்சா மரையும் போகும் பேரிங்கும் போகும்.

உள்ள இருக்கற தூச காத்தடிச்சு ஊதாதீங்க, வாயாலயும் ஊதாதீங்க. ஷூ மேல இருக்கற பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், தண்ணி தெளிச்சு நனைச்சு பனியன் வேஸ்ட்டால துடைச்சு கவர்ல கட்டிப் போடுங்க.

வீல் சிலிண்டர் (ஒவ்வொரு வீல்லயும் ஷூவ தள்ளுறது) ரப்பர் மூடிய லேசா நெம்பிப் பாருங்க, உள்ள ஈரமா இருந்தா ஒழுகல் ஆரம்பிச்சிடுச்சு. ரப்பர் கிட்டு மட்டும் மாத்தினா போதும்பாங்க, உள்சுவத்த விரலால தடவிப் பாருங்க, குழி குழியா இருந்தா கிட்டு போட்டாலும் மூணு மாசத்துல திரும்ப ஒழுகும், முழு சிலிண்டராவே மாத்திடுங்க. ஆயில் ஊறின லைனிங்க பெட்ரோல் ஊத்தி கொளுத்தி திரும்ப மாட்டுற பழக்கம் ஒண்ணு நம்ம ஊர்ல இருக்கு, தயவுசெஞ்சு வேணாம், ஊறினது ஊறினதுதான், சூடாகறப்ப திரும்ப கசியும். அதுவும் ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் பிடிக்கறப்ப வண்டி ஒரு பக்கமா இழுக்கும், மாத்தினா ஜோடியா மாத்துங்க.

ரப்பர் பிரேக் ஹோஸ் வெளிய பாத்தா நல்லாத்தான் தெரியும், உள்ள வீங்கி வழி அடைச்சிருக்கும். பெடல விட்ட பிறகும் ஒரு வீல் மட்டும் பிடிச்சுக்கிட்டே சூடாகுதுன்னா ஷூவ குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஹோஸ பாருங்க.

பிளீடிங், அதாவது பிரேக் லைன்ல இருக்கற காத்த வெளியேத்தறது: நம்ம ஊரு வண்டில மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம், அதனால தூரமா இருக்கறதுல ஆரம்பிக்கணும், பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிள்ல ட்ரான்ஸ்பரன்ட் டியூப் மாட்டி மறுமுனைய கொஞ்சம் பிரேக் ஆயில் இருக்கற பாட்டில்ல முக்கி வச்சு, ஒருத்தர் மெதுவா மிதிச்சு பிடிக்க நீங்க நிப்பிள தளர்த்தி, குமிழி வந்ததும் இறுக்கி, அதுக்கப்புறம்தான் அவரு கால எடுக்கணும். இதுல பாதி சண்டை வீட்டுக்காரங்க கூடத்தான் வரும், "விடு"ன்னு சொல்றதுக்கும் "பிடி"ன்னு சொல்றதுக்கும் நடுவுல. நடுநடுவுல மாஸ்டர் சிலிண்டர்ல ஆயில் கொறையாம ஊத்திக்கிட்டே இருங்க, காலியாச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து. டாட் 3 ஆயில் சீல் பிரிக்காத டப்பாவா வாங்குங்க, தெறந்து கெடந்தது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிருக்கும், மலை எறக்கத்துல சூடாகி அந்தத் தண்ணி ஆவியானா பெடல் தரைக்குப் போகும். இன்ஜின் ஆயில், டீசல் எதுவும் ஒரு சொட்டு கூட அதுல படக்கூடாது, ரப்பர் எல்லாம் ஊதிப் போயிடும்.

முன்பக்கம் ஆட்டம்

அம்பது அறுபதுல போறப்ப ஒரு குழில விழுந்ததும் ஸ்டீரிங் கையில இருந்து பிடுங்கற மாதிரி ரெண்டு பக்கமும் உதறும், பிரேக் அடிச்சு நிறுத்தினாதான் நிக்கும். ஜீப்பு வச்சிருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச பேய் இது. உடனே எல்லாரும் ஸ்டீரிங் டேம்பர் (உதறல அடக்குற ஷாக் அப்சார்பர்) வாங்கி மாட்டுவாங்க, உதறல் நிக்கும், ஆனா தேஞ்ச பார்ட்டு உள்ள அப்படியே தேஞ்சுக்கிட்டே இருக்கும்.

வண்டிய தரைல நிறுத்தி ஒருத்தர ஸ்டீரிங்க இடமும் வலமும் சின்னச் சின்னதா ஆட்டச் சொல்லுங்க, நீங்க கீழ படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கைய வச்சுப் பாருங்க. ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் அசைய லேட் ஆகற எடம்தான் தேஞ்ச எடம். ரெண்டு முன் வீலையும் சேக்கற டை ராடோட எண்டு, ஸ்டீரிங்ல இருந்து வீல் பக்கம் போற டிராக் லிங்க், ஸ்டீரிங் பாக்ஸ் சேசிஸ்ல பூட்டின போல்ட்டு, அந்த எடத்துல சேசிஸ்லயே வெடிப்பு, எல்லாம் பாக்கணும். பாக்ஸ் போல்ட்டு லூசா இருந்து டை ராட் எண்டு நாலையும் மாத்தின ஆள எனக்குத் தெரியும், நாந்தான் அது.

அப்புறம் முன் வீல தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடினா ஒண்ணு வீல் பேரிங், இல்ல கிங்பின் (வீல் திரும்பறதுக்கான அச்சு) பேரிங். எதுன்னு கண்டுபிடிக்க கூட ஒருத்தர பிரேக்க மிதிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க, ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங், அப்பவும் ஆடினா கிங்பின்.

வீல் பேரிங் டைட் வைக்கறதுக்கு வீல கையால சுத்திக்கிட்டே உள்நட்ட இறுக்கணும், வீல் இறுகிப் பிடிக்க ஆரம்பிச்சதும் சுமாரா ஆறுல ஒரு பங்கு சுத்து தளர்த்தி, லாக் வாஷர் போட்டு வெளிநட்ட இறுக்கி, திரும்ப ஆட்டிப் பாக்கணும், ஏன்னா வெளிநட்டு இறுகறப்ப உள்ள கொஞ்சம் மாறும். பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு ஹப்புல கைய வைங்க, வெதுவெதுன்னா சரி, கை வைக்க முடியலன்னா ரொம்ப இறுக்கிட்டீங்க.

கிங்பின்ல ஷிம் தகடு வச்சு இறுக்கம் சரி பண்ணுவாங்க. நக்கிள்ல, அதாவது வீல் திரும்பற மூட்டுல, மூடியிருக்கற உருண்டைக்கு வெளிய ஆயில் வழிஞ்சா அது ஹவுசிங் (ஆக்சில் கூடு) ஆயில், உள் சீல் போயி நக்கிளுக்குள்ள வந்து அங்கிருந்து வெளிய வருது, விட்டா பிரேக் லைனிங்குக்குப் போகும். இந்த சீல மாத்த நக்கிள் முழுசா பிரிக்கணும், அதனால பிரிச்சதும் பிரிச்சீங்க, கிங்பின் பேரிங், ஃபெல்ட் சீல் எல்லாத்தையும் ஒரே தடவைல முடிச்சிடுங்க. மொத தடவ எனக்கு ஒரு பக்கத்துக்கு ஒண்ணரை நாள் ஆச்சு, ரெண்டாவது பக்கம் அரை நாள்ல முடிஞ்சிருச்சு.

பட்டைய சேசிஸோட சேக்கற ஷேக்கிள்ல இருக்கற புஷ்ஷும், பட்டைத் தகடுகள நடுவுல பிடிக்கற சென்டர் போல்ட்டும் பாருங்க. பட்டைய ஆக்சிலோட கட்டுற யு போல்ட்டு நட்ட, வேலை முடிஞ்சு நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒரு தடவ இறுக்கணும், இத மறந்தா சென்டர் போல்ட்டு முறிஞ்சு ஆக்சிலே தள்ளி உக்காந்துடும்.

டீசல் லைன்ல காத்து

காலைல ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாதான் ஸ்டார்ட் ஆகுது, போகப் போக இழுவை இல்ல, திடீர்னு நிக்குது, மூணுக்கும் முதல் சந்தேகம் காத்து மேலதான் வைக்கணும். பம்பு மேல கடைசில.

கண்டுபிடிக்க சுலபமான வழி, ஒரு அஞ்சு லிட்டர் கேன்ல சுத்தமான டீசல ஊத்தி பானெட் பக்கத்துல சாயாம கட்டி வச்சு, டேங்க் லைன கழட்டிட்டு கேன்ல இருந்து நேரா ஃபீட் பம்புக்கு (டேங்குல இருந்து டீசல இழுக்கற சின்ன பம்பு) குடுங்க. வண்டி நல்லா ஓடினா குத்தம் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல. அப்பவும் அதே தொல்லைன்னா ஃபில்டர் பக்கமோ அதுக்கு மேலயோ. நடுவுல ஒரு துண்டு ட்ரான்ஸ்பரன்ட் டியூப் போட்டுப் பாத்தா குமிழி ஓடுறது கண்ணுக்கே தெரியும். இந்த பத்து நிமிஷ வேலைய அன்னிக்கு பண்ணியிருந்தா என் காசு மிச்சம்.

காத்தெடுக்கறப்ப ஃபில்டர் மேல இருக்கற பிளீட் ஸ்க்ரூவ தளர்த்தி கைப்பம்ப அடிங்க, நுரை நுரையா வந்து அப்புறம் தெளிவா டீசல் வரும், அடிச்சுக்கிட்டே இறுக்குங்க. அப்புறம் பம்புல இருக்கற ஸ்க்ரூவுல அதே மாதிரி. அப்பவும் பிடிக்கலன்னா இன்ஜெக்டர் நட்ட அரைச் சுத்து தளர்த்தி செல்ஃப் அடிச்சு டீசல் வந்ததும் இறுக்குங்க. அப்ப கைய பக்கத்துல கொண்டு போகாதீங்க, அந்த பிரஷர்ல வர்ற டீசல் தோல துளைச்சு உள்ள போயிடும், ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனா நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

பழைய செம்பு வாஷர தூக்கிப் போடாதீங்க, சிவக்க சூடு பண்ணி தண்ணில போட்டா திரும்ப மெத்துனு ஆகிடும். அவசரத்துக்கு உதவும், ஆனா புதுசு கெடைச்சா புதுசுதான்.

எக்ஸ்டிபி இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்றப்ப உள்ள சூடு குடுக்கறது) முக்கியம். கொடைக்கானல் குளிர்ல நாலுல ரெண்டு வேலை செய்யலன்னா கூட வெள்ளைப் புகையா தள்ளிக்கிட்டு நொண்டும். ஒவ்வொண்ணா வயர கழட்டி டெஸ்ட் லாம்ப்ப பேட்டரி பிளஸ்ல ஒரு முனை, பிளக் தலைல ஒரு முனை வச்சுப் பாருங்க, எரிஞ்சா பெரும்பாலும் நல்லது, எரியலன்னா நிச்சயம் செத்தது.

சூடு ஏறுது

தெர்மோஸ்டாட்ட (இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாத வால்வு) புடுங்கிப் போட்டுட்டு "இனி சூடே ஆகாது"ம்பாங்க. இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராம ஓடினா புகையும் அதிகம், டீசலும் அதிகம், தேய்மானமும் அதிகம், சூடு ஏறுற காரணம் உள்ள அப்படியே இருக்கும். ஃபேன் பெல்ட்டு தளர்ச்சி, ரேடியேட்டர் மூடி ரப்பர், வெளிப்பக்கம் சேறும் பூச்சியும் அடைச்சது, வாட்டர் பாடில (தண்ணி பம்பு) ஒழுகல், இத மொதல்ல பாருங்க. இன்ஜின் ஆறினப்புறம் மூடிய தெறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணினா ஆரம்பத்துல இருந்தே குமிழி விடாம வந்துக்கிட்டு இருந்தா ஹெட் கேஸ்கெட் சந்தேகம், அது வீட்டு வாசல் வேலை இல்ல, நல்ல மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. போர் தண்ணி ஊத்தாதீங்க, உள்ள உப்பு படிஞ்சு கல்லாகிடும், கூலன்ட்டும் சுத்தமான தண்ணியும் பாதிப் பாதி.

கியர் ஆயில், ஒழுகல்

ஒரே ஒரு விதி, ஆயில வடிக்கறதுக்கு முன்னாடி ஊத்துற பிளக்கு கழலுதான்னு பாத்துக்கோங்க. எல்லாத்தையும் வடிச்சுட்டு மேல் பிளக்கு தெறக்க மாட்டேங்குதுன்னா வண்டி அங்கயே நிக்கும்.

கியர்பாக்ஸ்ல ஆயில் கொறையுது, டிரான்ஸ்ஃபர் கேஸ்ல மேல வழியுதுன்னா ஆச்சரியப்படாதீங்க, ரெண்டும் ஒட்டி இருக்கு, நடுவுல இருக்கற சீல் போனா ஆயில் இங்கருந்து அங்க போயிடும். சீல் மாத்திக்கிட்டே இருக்கறதுக்கு முன்னாடி பிரீதர் ஓட்டை (உள்ள இருக்கற காத்து வெளிய போற வழி) சேறு அடைச்சிருக்கான்னு பாருங்க, அடைச்சா சூட்டுல பிரஷர் ஏறி புது சீலையும் தாண்டி ஆயில் வரும். ஆயில் டப்பால போட்டிருக்கற தரத்துல கியர்பாக்ஸுக்கு ஜிஎல் 4, ஹவுசிங்குக்கு ஜிஎல் 5, மாத்தி ஊத்தாதீங்க, கியர்பாக்ஸ் உள்ள இருக்கற பித்தளை ரிங்குக்கு ஜிஎல் 5 சரிப்படாது.

கரண்டு, துரு

செல்ஃப் சோம்பேறித்தனமா சுத்துதுன்னா பேட்டரி வாங்க ஓடாதீங்க. மல்டிமீட்டர்ல ஒரு முனைய பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ண இன்ஜின் பாடில வச்சு ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் ஸ்ட்ராப்தான் (இன்ஜின் பாடிய பேட்டரி மைனஸோட சேக்கற வயர்) குத்தம், துருவ தேச்சு இறுக்குங்க. சும்மா நிக்கறப்ப நல்ல பேட்டரி 12.6 காட்டும், ஓடுறப்ப 13.8ல இருந்து 14.4க்குள்ள இருந்தா டைனமோ சரி.

துருவுக்கு மேட்ட தூக்கிட்டு தரைத் தகட்டையும், பின் ஷேக்கிள் மாட்டுற சேசிஸ் பகுதியையும் சின்ன சுத்தியால தட்டிக்கிட்டே போங்க, கணீர்னா நல்லது, மொத்துனு கேட்டா உள்ள ஒண்ணுமில்ல. வெல்டிங் வைக்கறதுன்னா பேட்டரி வயரும் டைனமோ வயரும் கழட்டிடணும். பழைய சில மாடல்ல டேங்கு டிரைவர் சீட்டுக்கு அடிலயே இருக்கும், அத எறக்கி தூரமா வச்சுட்டுத்தான் டிங்கர கூப்பிடணும், "காலி டேங்குதானே"ன்னு நெனச்சு டேங்குலயே வெல்டிங் வைக்க விடாதீங்க, வெடிக்கறது அந்த ஆவிதான்.

ஃபோர் வீல், எஃப்சி

எல்லாம் முடிஞ்சதும் மண்ணுல ஃபோர் வீல் (நாலு வீலும் சேந்து இழுக்கறது) போட்டுப் பாருங்க, தார் ரோட்டுல வேணாம். இந்த வண்டிக்கு நடுவுல டிஃபரன்ஷியல் இல்ல, பிடிப்பான ரோட்டுல வளைச்சா முன்னயும் பின்னயும் முறுக்கிக்கிட்டு லிவரு வெளிய வராது. வரலன்னா லிவர அடிக்காதீங்க, கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க, தானா கழலும். மாசத்துக்கு ஒரு தடவயாவது போட்டு எடுங்க, இல்லன்னா வேணும்கறப்ப லிவரு துருப்பிடிச்சு நிக்கும்.

சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சா ஆர்சிய அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும், அதுக்காக எஃப்சிக்கு (வண்டி ஓட தகுதியான்னு பாக்கறது) வண்டிய காட்டப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே லைட், ஹாரன், இண்டிகேட்டர், கைப்பிரேக் எல்லாம் பாத்துடுங்க. பார்ட்டு கெடைக்காம அலையறவங்க சென்னைல இருந்தா புதுப்பேட்டைக்கு பழச கைல எடுத்துக்கிட்டு போங்க, பேர் சொல்லிக் கேட்டா வேற மாடலோடத குடுத்துடுவாங்க, பக்கத்துல வச்சுப் பாத்து வாங்கணும்.

வண்டில எப்பவும் கெடக்க வேண்டியது: ஃபேன் பெல்ட்டு ஒண்ணு, ஒரு முழம் டீசல் ஹோஸ், கிளாம்பு நாலு, பிரேக் ஆயில், ரெண்டு செட் ஸ்பேனர், டார்ச்சு, வீலுக்கு வைக்க ரெண்டு கட்டை, கீழ படுக்க ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனர். பேனர் எங்க ஊர்ல எலெக்‌ஷன் முடிஞ்சா இலவசமாவே கெடைக்கும்.